நான்கு செல்லில் நின்றது

இதைப் பல வருஷம் நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புவதாகச் சொல்ல முடியாது.

சொன்னவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் தொந்தரவு. பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் கேட்டுவிட்டு அன்றைக்கே மறந்திருக்கலாம்.

கேட்டபடி இதோ.

*

"மேடம், ஒரு கையெழுத்து. மூணு வருஷமா கரு வளர்றதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு போனதுக்கு ஒரே ஒரு கையெழுத்து."

"கரு வளர்றதைப் பார்த்தீங்களா சார்?"

"பின்ன வேற என்னத்தப் பார்த்தேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கேட்டவர் டாக்டர் மெஹர்பானு. கேள்விக்கு ஆளானவர் திரவியம், அவருடைய ஆராய்ச்சி மாணவர்.

மாணவர் என்றால் சின்ன வயது இல்லை. நாற்பத்தொன்பது. தெற்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். முனைவர் பட்டத்துக்காக விடுப்பு எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். விடுப்பு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் துறைத் தலைவர் நாற்காலி அவருக்கு. கொடுக்காவிட்டால், அவரிடமே படித்து அவர் சிபாரிசிலேயே வேலைக்குச் சேர்ந்த ஒருவனுக்கு. தினமும் காலையில் அவனுக்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த அவமானத்தில் பாதியை அவர் இங்கேயே அனுபவித்துக்கொண்டிருந்தார். மெஹர்பானு அவரைவிடப் பத்து வயது இளையவர். போதாததற்கு, ஒரு காலத்தில் அவர் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு என்று பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

*

திரவியம் எடுத்துக்கொண்ட செடி நல்வேளை. மழை பெய்தால் வேலியோரம், குப்பைமேடு என்று எங்கும் முளைக்கிற களை.

அதைத் தொட்டியில் வளர்ப்பார். பூவுக்குத் தன் கையால் மகரந்தம் தடவிக் காம்பில் நூல் கட்டுவார். கிழமைக்கு ஒரு நிறம். காய் பிடித்ததும் நூலைப் பார்த்து நாள் கணக்கிட்டுப் பறிப்பார். கீறினால் உள்ளே சூல்கள், விதையாகப் போகிற பொடிகள். ஊசிமுனையால் எடுத்து ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்த திரவத்தில் போடுவார். போட்ட நொடியில் எது எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். அப்புறம் சூலைக் கண்ணாடி போலத் தெளியவைக்க வேறொரு திரவம். அதன் பிறகு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உள்ளே கரு, ஒரு சின்னக் கயிற்று நுனியில் தொங்கும்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். முற்றிய காயில், மற்ற கருக்களெல்லாம் வளர்ந்து இதய வடிவத்துக்கு வந்துவிட்ட பிறகும், சில சூல்கள் சிறுத்தே இருந்தன. அந்தச் சிறுத்த சூல்களில் எதைப் பார்த்தாலும் கரு நான்கு செல்லில் நின்றிருந்தது.

அதற்கு ‘ஓய்வு நிலை’ என்று பெயர் வைத்தார். கரு சற்று உட்கார்கிறது. பிறகு எழுந்து வளரும். இதுவரை ஒருவரும் சொல்லாத விஷயம்.

அந்த அத்தியாயத்துக்குத்தான் கையெழுத்து வேண்டும்.

"ஸ்லைடு பெட்டியைக் கொண்டாங்க சார்," என்றார் மெஹர்பானு.

*

பெட்டி வந்தது.

மெஹர்பானு முதலுதவி டப்பாவிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். ஒவ்வொரு ஸ்லைடிலும் நாள் எழுதியிருந்த ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டி மறைத்தார். சீட்டுக்கட்டு மாதிரி எல்லாவற்றையும் கலைத்தார்.



"அடுக்குங்க."

"எதுக்கு மேடம்?"

"சும்மா. வயசு வாரியா."

பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினார். ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வைப்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது.

"எப்படி வயசு கண்டுபிடிச்சீங்க?"

"அளவை வெச்சுதான். சின்னது இளசு, பெரிசு முத்தல். இது ஃபர்ஸ்ட் இயர் பாடம் மேடம்."

"செகண்ட் இயர். நீங்கதான் எடுத்தீங்க. போர்டுல வரிசையா அஞ்சு படம் போட்டு, நடு நடுவுல அம்புக்குறி போட்டீங்க. நானும் பார்த்துப் போட்டேன்."

"அதுல என்ன தப்பு?"

"படத்துல ஒரு தப்பும் இல்ல சார். அஞ்சும் அஞ்சு வேற வேற கரு. அம்புக்குறியை எந்த மைக்ரோஸ்கோப்புல பார்த்தீங்க?"

பரீட்சையில் அந்த அம்புக்குறிக்குத் திரவியம் அரை மார்க் வைத்திருந்தார். போடாதவர்களுக்குக் குறைத்திருந்தார்.

"பிளாஸ்திரியைப் பிரிங்க."

பிரித்தார். இளசு என்று அவர் முதலில் அடுக்கிய வரிசையில் கொஞ்சம்தான் இளசு. மற்றதெல்லாம் முற்றிய காயிலிருந்து எடுத்தது.

திரவியம் துள்ளினார்.

"பாருங்க! இதைத்தானே மேடம் எழுதியிருக்கேன். பார்க்கச் சின்னது, ஆனா வயசானது. உட்கார்ந்திருக்கு. ஓய்வு!"

"எத்தனை உயிரோட இருந்துச்சு?"

"எது?"

"ஓய்வெடுத்தது."

"என்ன மேடம் இது? எல்லாமே செத்ததுதான். ஸ்பிரிட்ல போட்டா எது உயிரோட இருக்கும்?"

"ஸ்பிரிட்ல செத்ததைக் கேக்கல சார்."

அது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் கோபம் வந்தது.

"அப்போ அதெல்லாம் காய்க்குள்ளயே செத்துப்போச்சுங்கறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல. கேக்கறேன்."

"மூணு வருஷமா பிணத்துக்குப் பேர் வெச்சிட்டு இருந்திருக்கேன்ங்கறீங்க."

"அதுவும் நீங்க சொல்றதுதான்."

"நின்னுபோச்சுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா மேடம்?"

சத்தம் தேவைக்கு மேல் கூடிவிட்டது. பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். கேட்ட பிறகுதான், தான் கேட்டது கருவைப் பற்றி மட்டும் இல்லையோ என்று திரவியத்துக்குத் தோன்றியது. தோன்றியதில் இன்னும் எரிச்சல்.

மெஹர்பானு ஸ்லைடுகளைப் பெட்டியில் வைத்து மூடி அவர் பக்கம் தள்ளினார்.

"ஓய்வுன்னா எழுந்திருக்கணுமே சார். எழுந்திருச்சதுன்னா சொல்லுங்க. கையெழுத்துப் போடறேன்."

*

மறுநாள் திரவியம் ஒரு சூலை ஸ்பிரிட்டில் போடாமல் சர்க்கரைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்தார். ஊசியால் பிளந்து கருவை வெளியே எடுத்தார். உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடுவது என்று முடிவு.

கரு வெளியே வந்தது. ஒரு சுற்று வீங்கியது. வெடித்தது.

இன்னொன்று. அதுவும் வெடித்தது. சர்க்கரையைக் கூட்டினார். அடுத்தது சுருங்கிச் செத்தது.

மெஹர்பானு அந்தப் பக்கமாக வந்தார்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன். வெடிக்கிறதைப் பார்த்தேன். சுருங்கறதைப் பார்த்தேன். வளர்றது ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

‘என்ன நல்லது?’ என்று திரவியம் காலியான வாசலைப் பார்த்துக் கேட்டார்.

*

அதே ஆய்வகத்தில் ஆக்னஸ் என்று ஒரு ஆராய்ச்சி மாணவி. வாழைத் திசுவைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறவள். அவள்தான் வழி சொன்னாள். சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், மேடம் உங்களை இந்தப் பாடு படுத்தறாங்களே, காலேஜ்ல அவங்களைப் பெஞ்ச் மேல ஏத்தி விட்டீங்களா?"

"ஒரு தடவை வெளிய அனுப்பினேன்."

"எதுக்கு?"

"கேள்வி கேட்டதுக்கு."

"அப்போ அனுபவிங்க."

சர்க்கரையும் உப்புகளும் கலந்து கூழ் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றிக் கொடுத்தாள். சிறுத்த சூல்களாகப் பொறுக்கி அதன்மேல் வைக்க வேண்டும். கத்தி, ஊசி, ஸ்பிரிட் ஒன்றும் வேண்டாம். உள்ளே கரு உயிரோடு இருந்தால் ஒருநாள் சூலைப் பிளந்துகொண்டு முளை வரும். செத்திருந்தால் சூல் பழுப்பேறும்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். நடுவுல சூலைத் திறக்கக் கூடாது."

"திறக்காம உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாதா? இது என்ன ஆராய்ச்சி?"

"சோறு வேகற மாதிரி சார். சும்மா சும்மா மூடியைத் தூக்கினா வேகாது."

"சோத்தைத் திறந்து பார்த்தா சோறு சாகாதும்மா," என்றார் திரவியம்.

*

காத்திருந்தார்.

காலையில் வந்ததும் தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பெரிய சூல்கள் உப்பிக்கொண்டு வந்தன. சிறுத்தவை சிறுத்தபடியே கிடந்தன. தினம் ஒன்றிரண்டு பழுப்பேறும். ஒரு தட்டில் பூஞ்சை ஏறியது. மொத்தமாகத் தூக்கிப் போட்டார்.

"சொகுசா படுத்திருக்கீங்களா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்பார். "அங்க என் நாற்காலியைத் துடைச்சு வெச்சாச்சு. எழுந்திருங்கடா."

கடைசியில் வெள்ளையாக மிஞ்சியவை ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன.

அன்றைக்கு அவருடைய கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சூலை எடுத்தது. திறந்தது.

உள்ளே கரு நான்கு செல்லாக இல்லை. உருண்டையாக இருந்தது. குண்டாக, நிறைய செல்களோடு.

மைக்ரோஸ்கோப்பை அப்படியே விட்டுவிட்டு மெஹர்பானுவின் அறைக்கு ஓடினார். செருப்பு ஒன்று வழியில் கழன்றது.

"எழுந்துடுச்சு மேடம்!"

"எது?"

"வந்து பாருங்க. உருண்டை ஆயிடுச்சு. நாலு செல்லா இருந்தது!"

மெஹர்பானு வந்தார். குனிந்தார். நிதானமாகப் பார்த்தார்.

"இது செத்திருக்கே சார்."

"நான் திறந்ததால!"

"அதுக்கு முன்னாடி உயிரோட இருந்துச்சா?"

"இருந்துச்சு! இல்லாம எப்படி உருண்டை ஆகும்?"

"தட்டுல வைக்கும்போது நாலு செல்தானா?"

"நாலுதான்."

"பார்த்தீங்களா?"

"பார்த்திருந்தா அப்பவே செத்திருக்குமே மேடம்!"

"அப்போ?"

"அப்போவாம், அப்போ!" திரவியம் கையிலிருந்த ஊசியை மேஜைமேல் வீசினார். "திறந்தா சாகுது. திறக்கலைன்னா தெரியல. செத்ததைக் காட்டினா உயிரோட இருந்துச்சாங்கறீங்க. உயிரோட இருக்குன்னு சொன்னா காட்டுங்கறீங்க. நான் என்னதான் பண்றது? போர்டுல அஞ்சு படம் போட்டுட்டு நிம்மதியா இருந்தவன் நான். எவன் என்னை இங்க வரச் சொன்னான்?"

மெஹர்பானு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"டீ சொல்லட்டுமா சார்?"

"வேண்டாம்."

டீ வந்தது. குடித்தார். சர்க்கரை போதவில்லை என்றும் சொன்னார்.

*

விடுப்பு முடிய ஒரு நாள் இருந்தது. தட்டில் ஒரே ஒரு சூல் இன்னும் பழுப்பேறாமல் இருந்தது.

எதையும் தன் அறையிலிருந்தே கூப்பிட்டுச் சொல்கிற மெஹர்பானு, அன்று திரவியத்தின் மேஜைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும் இல்லையா சார்?"

"ஆமா."

"திறங்க. உள்ள என்ன இருக்கோ அதை எழுதுங்க. நாலு செல்லா இருந்தா நாலு. உருண்டையா இருந்தா உருண்டை. நான் கையெழுத்துப் போடறேன்."

திரவியம் அவர் முகத்தைப் பார்த்தார். கேலி மாதிரித் தெரியவில்லை.

"நிஜமாவா?"

"பேனா கொண்டு வந்திருக்கேன்."

பேனாவையும் எடுத்து ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

திரவியம் தட்டின் மூடியைத் தூக்கினார். லென்ஸுக்கு அடியில் தள்ளினார். சூல் சர்க்கரைப் பரல் மாதிரி உட்கார்ந்திருந்தது. நேற்றைவிட இன்று கொஞ்சம் உப்பியிருக்கிறதா, தன் கண்தான் உப்பவைக்கிறதா, தெரியவில்லை.

ஊசியை எடுத்தார்.

எந்த இடத்தில் அழுத்தினால் கரு முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வரும் என்று மூன்று வருஷத்தில் விரலுக்கே பழகியிருந்தது. ஒரு அழுத்து. வெளியே வந்துவிடும். நான்கு செல் இருந்தால் ‘இன்னும் ஓய்வில் இருக்கிறது’ என்று எழுதலாம். உருண்டையாக இருந்தால் ‘எழுந்துவிட்டது’ என்று எழுதலாம். ஒரு பக்கம் வரும். இரண்டு பக்கம்கூட வரும்.

எது இருந்தாலும் எழுத வரும் அவருக்கு.

கை நின்றது.

மெஹர்பானு காத்திருந்தார். ஆக்னஸ் தூரத்தில் எதையோ கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரவியம் ஊசியைக் கீழே வைத்தார். தட்டை மூடினார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். ஒரு சுற்று போதும். இரண்டு சுற்று ஒட்டினார்.

"என்ன சார்? நாளையோட லீவு முடியுதே."

"எனக்குத்தானே மேடம் முடியுது," என்றார் திரவியம் எரிச்சலாக. "அதுக்கு இன்னும் இருக்கு."

மெஹர்பானு எழுந்தார். ஊசியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

*

மறுநாள் திரவியம் பஸ் ஏறினார். டிபன் பாக்ஸில் துணி சுற்றி அந்தத் தட்டு. வழி முழுக்க மடியில் வைத்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் சாப்பாட்டு வாசனை வருமென்று நினைத்து ஊர் வரைக்கும் ஏமாந்தார்.

பட்டம் வரவில்லை. நாற்காலி அந்த இன்னொருவனுக்குப் போயிற்று. திரவியம் தினமும் அவனுக்கு வணக்கம் சொன்னார். போர்டில் ஐந்து படம் போட்டார். அம்புக்குறி போடுவதை நிறுத்திவிட்டார் என்றும், அதனால் பையன்கள் பரீட்சையில் அரை மார்க் இழந்தார்கள் என்றும் சொல்கிறார்கள்.

அவர் சொல்கிற கதை பஸ்ஸோடு முடிந்துவிடும்.

"அப்புறம்?" என்றால், "அப்புறம் ஊர் வந்துடுச்சு," என்பார்.

பிளாஸ்திரி ஒட்டிய குருவை நம்பலாம். நாற்காலி போனதை நம்பலாம். ஊசி கையில், பேனா பக்கத்தில், இருந்தும் திறக்கவில்லை என்பதை எப்படி நம்புவது? திறந்திருப்பார், உள்ளே ஒன்றும் இருந்திருக்காது, அதை மறைக்க இப்படி ஒரு முடிவு என்று ஒரு வருஷம் தோன்றும். அடுத்த வருஷம், இல்லை, திறக்கத்தான் இல்லை என்று தோன்றும். அவரிடம் கேட்டுவிடுவது என்று போய், காப்பி குடித்துவிட்டு, வேறு எதையோ பேசிவிட்டு வந்ததும் உண்டு.

போன மழைக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். கிணற்றடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

கொல்லை முழுக்க நல்வேளை. இடுப்பளவுக்கு நின்றது. சில பூத்திருந்தன, சிலவற்றில் காய் தொங்கியது. அந்தத் தெருவில் எல்லாக் கொல்லையிலும் அப்படித்தான் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கமும் அதே செடி.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

இத்தனை வருஷத்து எரிச்சலும் சேர்ந்து வாய்க்கு வந்தது. செடிகளைக் காட்டிக் கேட்டேன்:

"இதுல எது சார், அந்தத் தட்டுல இருந்தது?"